சேலத்தில் நண்பர்களோடு எடுத்த வாடகை வீட்டைக் காலி செய்வது எப்படி: முன்னறிவிப்பு முதல் அட்வான்ஸ் கைக்கு வரும் வரை

கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தையும் அரசு பொறியியல் கல்லூரியையும் சுற்றி, சூரமங்கலத்தில் ஜங்ஷன் ரோட்டை ஒட்டி, அஸ்தம்பட்டி, அழகாபுரம் தெருக்களில், அரியானூர்ப் பக்கத்தில் என்று மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீடுகள் சேலத்தில் ஏராளமாக உண்டு. வீடு பிடிக்கும்போது எல்லோரும் சேர்ந்து அலைகிறார்கள். காலி செய்யும்போது அப்படி நடப்பதில்லை. கடைசித் தேர்வு முடிந்த கையோடு ஒருவர் நெல்லைக்கும் இன்னொருவர் தஞ்சாவூருக்கும் பேருந்து ஏறிவிட, யார் கடைசியாக வீட்டைப் பூட்டுகிறாரோ அவர் தலையில் கரண்ட் பில், மளிகைக் கடை பாக்கி, ஓனரின் கோபம், திரும்பி வராத அட்வான்ஸ் எல்லாம் வந்து விழுகின்றன. பெரும்பாலும் அவர்தான் அந்தக் கூட்டத்தில் மிகவும் பொறுப்பானவராகவும் இருப்பார் என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். எல்லோரும் சேலத்தில் இருக்கும்போதே, எல்லாவற்றையும் எழுத்தில் முடித்துவிட்டால் இந்த அநியாயம் நடக்காது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், தேதியை முடிவு செய்யுங்கள்

காலி செய்ய நினைக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தை வெளியே எடுங்கள். முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதில் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: எத்தனை மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, அதில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று எழுதியிருக்கிறது, ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது. இந்த நான்காவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஐந்து பேர் தங்கியிருந்தாலும் ஒருவர் பெயரிலோ, ஒரு மாணவரின் தந்தை பெயரிலோதான் ஒப்பந்தம் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவர்தான் வாடகைதாரர் என்பதால், ஓனர் தரும் பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும், பாக்கி இருந்தால் பதில் சொல்லும் கடமையும் அவருடையவை. அவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் கேட்டு ஓனர் பணம் தராமல் தட்டிக்கழிக்க இடம் உண்டு. ஆகவே, சாவி ஒப்படைக்கும் நாளில் அவர் நேரில் இருக்கும்படி தேதியை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், தன் சார்பில் பணம் பெற இன்னாருக்கு அனுமதி அளிப்பதாக அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தேர்வு அட்டவணையோடு நம் ஊர் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் குடும்பத்தினர் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுவது அரிது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால், குடும்பத்துக்கு வாடகைக்கு விட நினைக்கும் ஓனருக்கு வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். அந்தக் கவலையே அட்வான்ஸ் கணக்கில் கறாராகப் பேச வைக்கும். மாறாக, மே மாத முடிவிலோ ஜூனிலோ காலி செய்தால், புதிதாகச் சேரும் மாணவர்கள் வீடு தேடி வரும் நேரம் அது. ஓனரும் முகம் கொடுத்துப் பேசுவார். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் நகரத்துக்குள் சாமான் வண்டியை ஓட்டிச் செல்வது எவ்வளவு சிரமம் என்பது சேலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். செவ்வாய், சனிக்கிழமைகளில் வீடு காலி செய்வதை விரும்பாத ஓனர்களும் உண்டு. உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் ஒரு நாள் முன்னே பின்னே வைத்துக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள்

மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது “அடுத்த மாசம் காலி பண்றோம்ணா” என்று சொன்னது முன்னறிவிப்பு ஆகாது. நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். சொன்னதை அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். வாசகம் சுருக்கமாக இருந்தால் போதும்:

“ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருக்கும் நாங்கள் நால்வரும் வரும் மே மாதம் 31ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய இருக்கிறோம். அதுவரைக்கும் உள்ள வாடகையைச் செலுத்திவிடுகிறோம். நாங்கள் கொடுத்துள்ள அட்வான்ஸ் தொகை 40,000 ரூபாயைச் சாவி ஒப்படைக்கும் நாளில் கணக்குப் பார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அட்வான்ஸ் தொகையை இந்தக் கடிதத்திலேயே எண்ணில் எழுதிவிடுவது முக்கியம். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டவர்களுக்கு, ஓனர் “சரி தம்பி” என்று அனுப்பும் ஒரு பதிலே பின்னாளில் ஆதாரமாக நிற்கும்.

கடைசி மாத வாடகைகளைக் கொடுக்காமல் “அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க” என்று சொல்லிவிடும் பழக்கம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. ஓனரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். அவர் கையில் பிடிமானம் எதுவும் இல்லாமல் போனால், உடைந்த கண்ணாடிக்கும் கரண்ட் பில்லுக்கும் சண்டை அன்றே தொடங்கிவிடும். ஆனாலும், பணம் திரும்பி வருமா என்ற சந்தேகம் உண்மையிலேயே இருக்கிற வீடுகளில், மூன்று மாத அட்வான்ஸில் ஒரு மாதத்தை மட்டும் கடைசி வாடகைக்குக் கழித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டு, அந்தச் சம்மதத்தை எழுத்தில் பெறுவது இரு தரப்புக்கும் நியாயமான வழி என்பது என் கருத்து.

முன்னறிவிப்புக் கொடுத்த மறுநாளே வாசலில் “வாடகைக்கு விடப்படும்” அட்டை தொங்கும். வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டுக்குள் வருவதற்கு உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். இதைச் சட்டமாகப் பேசாமல், மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் அழைத்து வாருங்கள் என்று ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாணவிகள் தங்கும் வீடுகளில் இந்தப் பேச்சை முதல் நாளே முடித்துவிடுவது அவசியம்.

மூன்றாம் படி: உங்களுக்குள் கணக்கு முடியுங்கள்

ஓனரிடம் பேசுவதற்கு முன்பு நண்பர்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். தேர்வு தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு நோட்டை எடுத்து, அட்வான்ஸ் யார் எவ்வளவு கொடுத்தது என்பதை முதலில் எழுதுங்கள்.

இங்கேதான் பழைய முடிச்சுகள் வெளிவரும். நடுவில் ஒருவர் விடுதிக்கு மாறிப் போயிருப்பார். அவருக்குப் பதில் வந்தவர் அவருடைய பங்கைக் கொடுத்திருப்பார். நால்வர் தலைக்குப் பத்தாயிரம் கொடுத்த வீட்டில், போனவர் தனக்குத் தரவேண்டிய மெஸ் பாக்கியைக் கழித்துக்கொண்டு வந்தவர் எட்டாயிரம்தான் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வந்தவருக்குச் சேர வேண்டியது எட்டாயிரமா, பத்தாயிரமா? பத்தாயிரம்தான் என்பேன். போனவரின் இடத்துக்கு அவர் முழுமையாக வந்துவிட்டார். அந்த இரண்டாயிரம் அவர்கள் இருவருக்குள் தீர்ந்துபோன தனிக்கணக்கு. இதை மற்றவர்கள் முன்னிலையில் அன்றே பேசி எழுதாவிட்டால், பணம் கைக்கு வரும் நாளில் நட்பு கெடும்.

அடுத்து, பிடித்தங்களைப் பிரிப்பது. எல்லோரும் அனுபவித்ததற்கு எல்லோரும், ஒருவர் செய்த சேதத்துக்கு அவரே என்பதுதான் எளிய முறை. மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 40,000 ரூபாய். ஓனர் கரண்ட் பில்லுக்கு 900, பெயிண்டுக்கு 6,000, உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு 600 பிடித்துக்கொண்டு 32,500 ரூபாய் தருகிறார். கரண்டும் பெயிண்டும் பொது. 6,900 ரூபாயை நான்காகப் பிரித்தால் தலைக்கு 1,725. கண்ணாடி உடைந்தது தெருப்பக்க அறையில். அதில் தங்கிய இருவரும் தலைக்கு 300 ஏற்கிறார்கள். அந்த இருவருக்கும் 7,975 வீதமும், மற்ற இருவருக்கும் 8,275 வீதமும் போய்ச் சேரும். கூட்டிப் பாருங்கள், 32,500 வரும். கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று எல்லோரும் பார்க்கும்படி இப்படி எழுதிக் காட்டினால் யாரும் முனகமாட்டார்கள்.

பிறகு வெளியே உள்ள பாக்கிகள். அண்ணாச்சி கடை நோட்டு, பால்காரர், தண்ணீர் கேன் போடுபவர், துணி தேய்ப்பவர், தெருமுனைத் தட்டுவடை செட் கடையில் யாரோ வைத்த கணக்கு வரைக்கும் ஒன்றுவிடாமல் பட்டியல் எடுங்கள். சமையலுக்கு அக்கா ஒருவர் வருகிறார் என்றால், அவருக்கு நீங்கள் காலி செய்யும் தேதியை ஓனருக்குச் சொன்ன அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள். அவர் அடுத்த வீடு தேடிக்கொள்ள வேண்டும். நீங்கள் மாத நடுவில் கிளம்பினாலும் அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுப்பதே முறை. தேர்வு விடுமுறை என்று பாதி மாதத்தைக் கழிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு.

பொதுப் பணத்தில் வாங்கிய பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, அடுப்பு ஆகியவற்றை அடுத்து வரும் ஜூனியர்களுக்கே விற்பது எளிது. உங்களில் ஒருவருக்கே வேண்டுமென்றால், வெளியார் தரத் தயாராக இருக்கும் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விலையில் மற்றவர்களின் பங்கை அவர் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூனியர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “அட்வான்ஸை அவங்ககிட்டயே வாங்கிக்குங்க தம்பி, நான் அவங்க பேர்ல மாத்தி எழுதிக்கிறேன்” என்று ஓனர் சொல்வது உண்டு. வசதியான ஏற்பாடுதான், பணம் உடனே கைக்கு வரும். ஆனால் ஓனரின் கையெழுத்து இல்லாமல் ஜூனியர்களிடம் பணம் வாங்காதீர்கள். பிடித்தம் எவ்வளவு என்று முடிவாகி, மீதித் தொகைக்குப் புதியவர்கள் பெயரில் அட்வான்ஸ் வரவு வைத்ததாக அவர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால், உங்கள் காலத்துச் சேதத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் பணம் கட்டுவார்கள்.

நான்காம் படி: வீட்டைச் சுற்றிப் பார்த்து, பழுதையும் பெயிண்டையும் பேசி முடியுங்கள்

காலி செய்ய மூன்று வாரம் இருக்கும்போது ஓனரையே அழைத்து ஒருமுறை வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். சாமான்கள் ஏற்றிய பிறகு அவர் பார்த்தால், சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்காது. அவர் சொல்லும் தொகையைக் கொடுக்க வேண்டிவரும். முன்பே பார்த்தால், எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ நீங்களே அழைத்துக் குறைந்த செலவில் முடிக்கலாம்.

எது யார் பொறுப்பு என்பதில் குழப்பம் வேண்டாம். தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கென 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கதவின் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, வாஷ்பேசின் பழுது, அடைத்துக்கொண்ட சாக்கடை ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு.

அட்டவணை இப்படி இருக்க, நடைமுறையில் நடப்பது வேறு. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொள்வது தமிழ்நாடு முழுவதும் ஊறிப்போன பழக்கம். முதலில், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது அது. குறைத்துக்கொள்ளும்படி கேட்கலாம், மறுக்க வலுவில்லை. இல்லையென்றால், அமைதியாக ஆனால் உறுதியாகப் பேசுங்கள். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“எல்லார்கிட்டயும் ஒரு மாச வாடகை பிடிக்கிறதுதான் கண்ணு. உங்களுக்கு மட்டும் எப்படி விட முடியும்?”

“பிடிக்க வேணாம்னு சொல்லலைங்கம்மா. அக்ரிமெண்ட்ல பெயிண்ட் பத்தி எதுவும் எழுதலைங்க. ஹால்ல ஆணி அடிச்ச சுவத்தையும், சமையல் ரூம் எண்ணெய்க் கறையையும் நாங்க செஞ்சு குடுத்துடறோம். மத்த ரூம் நல்லாத்தானே இருக்குதுங்க, வந்து பாருங்க.”

உங்களால் ஏற்பட்ட கறைக்கும் ஓட்டைக்கும் பொறுப்பேற்று, காலத்தால் மங்கிய சுவருக்குப் பொறுப்பேற்க மறுக்கும் இந்தப் பேச்சு நியாயமானது. பெரும்பாலும் பாதித் தொகையிலோ அதற்குக் கீழோ வந்து முடியும். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் இந்த இடத்தில் காட்டுங்கள். படம் எடுக்காதவர்கள், பழைய வாட்ஸ்அப் படங்களில் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் பின்னால் தெரியும் சுவரைத் தேடிப் பாருங்கள், அதுவும் உதவும்.

ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் ஈரத்தில், மழைக்கால முடிவில் சுவரின் மூலைகளில் கரும்பூசணம் படர்வது இயல்பு. நீர் கசியும் சுவர் கட்டடத்தின் குறை. அதற்கு வாடகைதாரரிடம் பெயிண்ட் காசு கேட்பது சரியல்ல. கசிவு தொடங்கியபோதே ஓனருக்குப் படத்துடன் தெரிவித்திருந்தால் பேச்சே எழாது.

ஐந்தாம் படி: இணைப்புகளை முடித்துக்கொள்ளுங்கள்

மின்சாரக் கணக்குதான் இதில் சிக்கலானது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள் என்பதால், நீங்கள் காலி செய்யும் நாள் சுழற்சியின் நடுவில்தான் வரும். மீட்டர் பெட்டியருகே உள்ள வெள்ளை அட்டையிலோ, மின் இணைப்பு எண்ணைக் கொண்டு இணையத்திலோ கடைசிக் கணக்கெடுப்பின் ரீடிங்கைப் பாருங்கள். கிளம்பும் நாளன்று மீட்டரைப் படம் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் செலவழித்த யூனிட். அதற்குத் தொகை எவ்வளவு என்பதில், யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதாலும், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது முழுச் சுழற்சிக்கும் சேர்த்து என்பதாலும், துல்லியமாகப் பிரிப்பது கடினம். சென்ற பில்லின் தொகையை அதன் யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரியை உங்கள் யூனிட்டோடு பெருக்கிக் கொடுத்துவிடுவது இரு தரப்பும் ஏற்கக்கூடிய வழி. பில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அட்வான்ஸில் ஒரு தொகையை நிறுத்தி வைக்க விடாதீர்கள்.

சமையல் எரிவாயு இணைப்பு உங்களில் ஒருவர் பெயரில் இருந்தால், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இணைப்பு வாங்கியபோது தந்த ரசீதோடு ஏஜென்சியில் ஒப்படைத்து, அந்த ரசீதில் குறித்துள்ள வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுங்கள். ரெகுலேட்டரை அடுப்போடு சேர்த்து ஜூனியர்களுக்கு விற்றுவிடுவது வழக்கமாகி வருகிறது. அது எரிவாயு நிறுவனத்தின் உடைமை, விற்கக் கூடாது.

இணைய இணைப்பை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது. ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தண்ணீர் கேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் காலிக் கேன்களைக் கொடுத்து அதையும் வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: சாமான்களை ஏற்றுங்கள்

கொண்டுபோவது, விற்பது, கொடுப்பது, எறிவது என்று ஒவ்வொரு அறையிலும் நான்காகப் பிரித்துவிடுங்கள். பழைய பாடப் புத்தகங்களை எடைக்குப் போடும் முன் துறை நூலகத்திலோ ஜூனியர்களிடமோ கேட்டுப் பாருங்கள். செய்முறை நோட்டும் கம்பிச் சட்டமும் பழைய இரும்பு, பேப்பர்க் கடைக்குப் போகட்டும். பஞ்சு மெத்தையைத் தெருமுனையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால்தான் அகற்ற முடியும்.

உள்ளூரிலும் பக்கத்து மாவட்டங்களுக்கும் குட்டி யானை வண்டியே போதும். வைகாசி, ஆனி முகூர்த்த நாட்களில் கல்யாணச் சாமான் ஏற்றும் வேலை இருப்பதால் வண்டி கிடைக்காது. ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். வாடகை பேசும்போது ஏற்றி இறக்கும் கூலி அதில் சேர்ந்ததா, மாடியிலிருந்து இறக்கத் தனியா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் வண்டியில் பீரோவையும் பிரிட்ஜையும் நிமிர்த்தி வைத்து இரு பக்கமும் கயிறு கட்ட வேண்டும். பலத்த மழை பெய்த மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்திருக்கக் கூடும் என்பதால், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பைக்கைத் தொலைதூரம் கொண்டுபோக சேலம் ஜங்ஷன் பார்சல் அலுவலகம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தின் நகல், அடையாள அட்டையின் நகல் இரண்டும் வேண்டும். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, சாக்கு வைத்துக் கட்டிய பிறகுதான் எடுப்பார்கள். மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், மடிக்கணினி ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் ஏறக் கூடாது. கைப்பையில் உங்களோடு வரட்டும்.

ஏழாம் படி: சுத்தம் செய்யுங்கள்

சாமான் ஏற்றிய பிறகு ஒரு முழு நாள் இதற்கு வேண்டும். சேலத்தில் போர்வெல் தண்ணீர் புழங்கும் குளியலறைகளில் குழாயின் கழுத்தைச் சுற்றியும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளை உப்பு கட்டியாகப் படிந்திருக்கும். ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்று பலர் செய்கிறார்கள். டைல்ஸில் உப்பு போகும். ஆனால் பழைய வீடுகளின் மொசைக் தரையில் ஆசிட் பட்டால் அதிலுள்ள சலவைக்கல் துண்டுகள் அரித்து, பளபளப்பு போய், திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். பாலிஷ் போடாமல் அதைத் திருத்த முடியாது. பாலிஷ் போட ஆகும் செலவு உங்கள் அட்வான்ஸில்தான் கழியும். குழாய்களுக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தோய்த்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தால் உப்பு இளகி வரும். மொசைக் தரைக்கு அவைகூட வேண்டாம். சோப்புத் தண்ணீரும் தென்னை நார்ப் பிரஷ்ஷும் போதும். சமையலறைச் சுவர், பரணின் மேல்பக்கம், மின்விசிறியின் இறக்கைகள் ஆகிய மூன்று இடங்களையும் ஓனர்கள் தவறாமல் பார்ப்பார்கள்.

எட்டாம் படி: சாவியும் பணமும்

பகல் வெளிச்சத்தில் சாவியை ஒப்படையுங்கள். ஒவ்வொரு அறையையும் கதவிலிருந்து தொடங்கிச் சுவர், தரை, ஜன்னல் என்று நிறுத்தி நிதானமாக வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து மூடுவதும், ஒவ்வொரு விளக்கும் எரிவதும், மீட்டரின் எண்ணும் அதில் வரட்டும். ஓனரோடு சேர்ந்து நடந்து முடித்ததும், முன்பே எழுதி இரண்டு நகலாக வைத்திருக்கும் தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் தேதி, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, மீட்டர் ரீடிங், வாடகை பாக்கி இல்லை என்ற வரி, ஒப்புக்கொண்ட பிடித்தங்கள், திரும்பத் தரும் தொகை, என்றைக்குத் தருகிறார் என்ற தேதி ஆகியவை இருக்க வேண்டும். குடிவரும்போது உத்தரவாதமாகக் கொடுத்த காசோலை ஏதேனும் இருந்தால் அதையும் அங்கேயே திரும்ப வாங்கிவிடுங்கள்.

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறுவதுதான் நல்லது. கையில் பணம் இல்லை, அடுத்தவர் வந்தால்தான் தர முடியும் என்று ஓனர் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தேதி குறிப்பிடாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு மாதத்தைத் தாண்டாத தேதியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தேதியும் கடந்துவிட்டால், முதலில் ஒப்பந்தத்தில் பெயருள்ளவர் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பட்டும்: காலி செய்த தேதி, வர வேண்டிய தொகை, பதினைந்து நாள் அவகாசம், இவ்வளவுதான். கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம். பெரும்பாலான ஓனர்கள் அந்தக் கட்டத்தில் பணத்தை அனுப்பிவிடுவார்கள். அப்படியும் வராவிட்டால், அந்தச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டுள்ள வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அரசின் வாடகை இணையதளத்தில் பதிவும் ஆகியிருந்தால் உங்கள் கை ஓங்கி நிற்கும். மாணவர் வீடுகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவாகாதவை என்பதால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச ஆலோசனையைக் கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்பது நல்லது. இந்த அலைச்சல் முழுவதையும் ஒருவர் தலையில் போடாமல், அவருக்கு ஆகும் தபால், பயணச் செலவை மற்றவர்கள் பங்கிட்டு அனுப்ப வேண்டும்.

கடைசியாக, முகவரி

வங்கி, கல்லூரி அலுவலகம், உதவித்தொகை விண்ணப்பம், ஆதார், வாக்காளர் பட்டியல் என்று சேலம் முகவரியைக் கொடுத்த இடங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பட்டச் சான்றிதழும் வேலைவாய்ப்புக் கடிதமும் தபாலில் வரக்கூடியவை. பழைய வீட்டின் கேட்டில் செருகிவிட்டுப் போனால் அடுத்து வந்தவர் குப்பையில் போட்டுவிடலாம். பகுதித் தபால் நிலையத்தில் முகவரி மாற்றத்தை எழுதிக் கொடுத்தால் உங்கள் பெயருக்கு வருவதைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஓனரிடமும், மாடிக்கு வரும் ஜூனியரிடமும் உங்கள் செல்பேசி எண்ணைக் கொடுத்து, ஏதாவது வந்தால் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவை, அட்வான்ஸில் கடைசி ஆளின் பங்கு அவர் கணக்கில் ஏறிவிட்டது என்று அவரே பதிவிடும் வரை கலைக்க வேண்டாம்.